குதித்தவன் செத்தானா, பிழைத்தானா?

நூறு அடி உயரப் பாறை. உச்சியில் கவசம் போட்ட ஒரு வீரன். பின்னால் ராட்சதர் கூட்டம் துரத்துகிறது. கீழே கருங்கல் தரை. “குதிச்சுட்டேன்!” என்கிறான்.

பதறாதீர்கள்... குதித்தது நாற்காலியில் உட்கார்ந்தபடி, வெறும் வாயால்! அமெரிக்காவில் ஐம்பது வருஷமாகச் சக்கைப்போடு போடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் அப்படித்தான். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர், ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் ‘டன்ஜன் மாஸ்டர்’. கதைசொல்லி, வில்லன், அம்பயர் எல்லாம் அவரே. தான் என்ன செய்யப் போகிறோம் என்று ஆட்டக்காரர் சொல்வார். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடையும் விதிப் புத்தகமும் சொல்லும்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது? விழுகிற ஒவ்வொரு பத்து அடிக்கும் ஒரு ஆறுமுகப் பகடை. நூறு அடிக்குப் பத்து பகடை. அத்தனையிலும் ஆறே விழுந்தாலும் 60 புள்ளிதான் அடி. நம் வீரனிடம் உயிர்ப் புள்ளி 85 இருக்கிறது. கணக்குப்படி அவன் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு நடையைக் கட்டலாம்!

மாஸ்டர் விடுவாரா? “நூறு அடியிலேர்ந்து கருங்கல்லுல விழுந்தவன் எந்த ஊர்ல எழுந்து நடந்தான்? ஆள் காலி!”

“எந்தப் பக்கத்துல அப்படிப் போட்டிருக்கு? காட்டு!”

“நான் சொல்றதுதான் சட்டம்!”

அவ்வளவுதான். ராட்சதர்கள் மறந்து போச்சு, பீட்ஸா ஆறிப் போச்சு. இப்படிப் புத்தகத்தைப் புரட்டிப் பாயிண்ட் பிடிப்பவருக்கு அங்கே ‘ரூல்ஸ் லாயர்’ என்றே பட்டப்பெயர்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரா வாரம், இரண்டு வருஷம் வளர்த்த கதாபாத்திரம் அது என்றால்? வலிக்கத்தானே செய்யும். பேச்சு நின்று, கூடி ஆடிய செட்டே உடைவதும் உண்டு.

இதற்கு விதை போட்டதே ஆட்டத்தைப் படைத்தவர்கள்தான். கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னஸனும் 1974-ல் மூன்று சின்னப் புத்தகங்களாக இதைக் கொண்டு வந்தபோது, ‘மிச்சத்தை நீங்களே கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள்’ என்று தாராளம் காட்டினார்கள். ஊருக்கு ஊர் ஆட்டம் மாறியது. 1977-லிருந்து 79-க்குள் வந்த ‘அட்வான்ஸ்டு’ பதிப்பில், எல்லோரும் ஒரே மாதிரி ஆடவேண்டும் என்றார் கைகேக்ஸ். ஆனால் அதே 1979 கையேட்டில், வேண்டுமானால் பகடையையே மீற மாஸ்டருக்கு உரிமை உண்டு என்றும் எழுதி வைத்தார்! இரண்டு கட்சிக்கும் ஒரே புத்தகத்தில் ஆதாரம்.

இந்தப் பஞ்சாயத்து அதற்கும் பழசு. பிரஷ்ய ராணுவத்தில் 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற லெப்டினன்ட், வரைபடத்தின் மேல் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டை அமைத்தார். நடுவர் கையில் கட்டுக்கட்டாக அட்டவணை. அதைப் பார்த்தே பொழுது போனது. 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற ஜெனரல், ‘பகடையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு’ என்றார். சரி, நடுவர் வேண்டியவர் பக்கம் சாய்ந்தால்?

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. கம்பெனிக் கணக்கில் தேய்மானம் போடும் முறையை மாற்றலாம். தகுந்த காரணம் வேண்டும். மாற்றியதையும், அதனால் லாபம் எவ்வளவு கூடிக் குறைந்தது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். லாபத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மாற்றினால் அதற்குப் பெயரே வேறு!

இங்கேயும் அதேதான். “நம்ம மேஜையில நூறு அடி விழுந்தா மரணம். இப்பவும் குதிக்கிறியா?” என்று முன்னாலேயே கேட்டிருந்தால் சண்டையே இல்லை. இதற்காகவே இப்போது பல குழுக்கள், ஆட்டம் தொடங்குமுன் ‘செஷன் ஸீரோ’ என்று கூடிப் பேசி வைத்துக்கொள்கின்றன. விதி மாறலாம். பகடை உருண்ட பிறகு மாறினால்தான் கசக்கிறது.

அந்த வீரன் என்ன ஆனான் என்கிறீர்களா? திரிசங்கு மாதிரி அந்தரத்திலேயே நிற்கிறான். கீழே வாதம் முடிந்தால்தானே விழ முடியும்!