உயர்திணையும் பண்டமாற்றும்

இலக்கணம் கற்பிக்கப் புகும் ஆசிரியர் முதல் வாரத்திலேயே மாணவர்க்கு உணர்த்துவது திணைப் பாகுபாடு. மக்களைச் சுட்டுஞ் சொல் உயர்திணை. விலங்கும் மரமும் கல்லும் அஃறிணை. சிறுவரும் இதனை ஒரு நாழிகையில் விளங்கிக்கொள்வர். ஆயின் உலக வழக்கில் இப்பாடம் அத்துணை எளிதன்று. மனிதரை மனிதர் அஃறிணையாக எண்ணிவிடும் இடங்கள் பல உள. அவற்றுள் ஒன்று, நாம் சற்றும் எதிர்பாராத வகையில், ஒரு விளையாட்டுக் களத்தை அடுத்து இருந்தது. அமெரிக்க மக்கள் போற்றும் பேஸ்போல் ஆட்டத்தையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

கிரிக்கெட் அறிந்த நம்மவர்க்கு இவ்வாட்டம் முற்றும் புதிதன்று. ஒருவர் பந்தெறிய, மற்றொருவர் உருண்டைக் கோலால் அதனை அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி மீள்வராயின் ஓர் ஓட்டம் கிடைக்கும். பந்தை எல்லைக்கு அப்பாற் போக்கி ஒரே அடியிற் சுற்றி வருதல் 'ஹோம் ரன்' எனப்படும். இன்று முதனிலைக் கழகங்கள் 30 உள. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடும். இளவேனிலில் தொடங்கும் பருவம் இலையுதிர்காலத்தில் 'உலகத் தொடர்' என்னும் இறுதிப் போட்டியோடு முடியும். பின்னர்ப் பனிக்காலம், மைதானங்கள் வெறிச்சோடிக் கிடக்கும்.

ஆட்டம் நின்றாலும் பேச்சு நிற்பதில்லை. முற்காலத்தில் அந்நாட்டுச் சிற்றூர்க் கடைகளில் எரியும் கணப்படுப்பைச் சூழ்ந்திருந்து, எந்த வீரரை எந்தக் கழகம் விற்றது, எவரை எத்துணை விலைக்கு வாங்கியது என்று இரசிகர் வழக்காடுவர். அதனால் இக்காலப் பேச்சுக்குச் 'சூட்டடுப்புக் கழகம்' என்றே பெயராயிற்று. கழகங்களிடையே வீரர் கைமாறுவதை அவர்கள் குறிக்கும் சொல் வாணிகத்துக்குரியது; தமிழிற் சொல்வதாயின் பண்டமாற்று. தம் வீரர் ஒருவர் கைமாறியதும் இரசிகர் 'அவருக்கு ஈடாக யார் வந்தார்?' என்று கேளார், 'என்ன கிடைத்தது?' என்றே கேட்பர். திணை மாறுவது இவ்விடத்திலேதான்.

இவ்வழக்குகளுட் புகழ்பெற்ற ஒன்று பேப் ரூத்தைப் பற்றியது. 1919ஆம் ஆண்டு அவர் பொஸ்டன் கழகத்தில் ஆடி 29 ஹோம் ரன் அடித்தார். அதுவரை எவரும் ஒரு பருவத்தில் அத்துணை அடித்ததில்லை. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் பொஸ்டன் அதிபர் அவரை நியூயோர்க் கழகத்துக்கு ஓர் இலட்சம் டொலருக்கு விற்றார். செய்தி வெளியானதும் இரசிகர் பலர் கொதித்தனர். அடங்காப் பிள்ளை தொலைந்தது நன்றே என்று ஆறுதல் கொண்டோரும் இருந்தனர். 1920இல் ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். 1918இல் உலகத் தொடரை வென்றிருந்த பொஸ்டன், அடுத்து வென்றது 2004இல். இடைப்பட்ட 86 ஆண்டுகளின் துயரத்தையெல்லாம் அவ்வூரார் அந்த ஒரு விற்பனையின் சாபமாகவே பேசிவந்தனர்.

மற்றொன்று பிராங் ரொபின்சன் வழக்கு. 1965 டிசம்பரில் சின்சினாட்டிக் கழகம் அவரைப் போல்டிமோருக்குக் கொடுத்து, ஈடாக மூவரைப் பெற்றது. ரொபின்சனுக்கு அப்போது வயது 30. அவ்வயதுக்குரிய இளமை அவரிடம் இல்லையென்று கழக அதிபர் கருதினார். அடுத்த ஆண்டிலேயே ரொபின்சன் 49 ஹோம் ரன் அடித்து, அடியின் விகிதத்திலும், தம் அடியால் ஈட்டித்தந்த ஓட்டங்களிலும் தம் பிரிவில் முதலிடம் பெற்று, போல்டிமோரை உலகத் தொடரில் வெற்றிபெறச் செய்தார். சின்சினாட்டி இரசிகர் அந்தப் பண்டமாற்றைப் பின்னர் ஒருபோதும் மறந்திலர்.

இவ்விரு வழக்குகளிலும் இரசிகர் தீர்ப்பு ஒன்றே: விற்றவர் ஏமாளி, வாங்கினவர் சமர்த்தர். தீர்ப்பில் நாமும் குறை காணோம். ஆயினும், ரூத்தின் சம்மதமும் ரொபின்சனின் சம்மதமும் சட்டப்படி எவருக்குந் தேவைப்படவில்லை என்பதை அந்த அடுப்பங்கரையில் ஆராய்ந்தோர் சிலரே. வீரர் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் 'ஒதுக்கீட்டு விதி' என ஒன்று இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கழகம் விரும்பின் அதனைத் தானே புதுப்பித்துக்கொள்ளலாம். எனவே ஒருமுறை கையொப்பமிட்டவர், கழகம் விற்றாலன்றி, விட்டாலன்றி, வேறிடம் போதல் இயலாது. தச்சன் தொழிற்சாலை மாறலாம். ஆசிரியன் பள்ளி மாறலாம். பேஸ்போல் வீரன் மாறலாகாது. 1922இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இவ்வாட்டத்தை மாநிலங்களிடைப்பட்ட வாணிகம் அன்றெனத் தீர்த்தமையால், ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டமும் வீரர்க்குத் துணைவரவில்லை. ஆட்களை விற்பதும் வாங்குவதும் வாணிகம் அன்று என்றால், பின் எதுதான் வாணிகம்?

இவ்வினாவை எழுப்பியவர் கேர்ட் பிளட் என்னும் ஆபிரிக்க அமெரிக்கர். சென்ற் லூயிஸ் கழகத்தில் 12 பருவம் ஆடியவர். நடுக்களத்திற் பந்து பிடிப்பதில் 1963 முதல் 1969 வரை ஆண்டுதோறும் 'பொற்கையுறை' விருது பெற்றவர். 1969 அக்டோபரில் ஒரு நாட் காலை, கழக அலுவலர் ஒருவர் தொலைபேசியில் அவரை அழைத்து, அவர் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றப்பட்டதாகக் கூறினார். இரு கழகங்களுக்குமிடையே எழுவரை மாற்றிய பேரம் அது. அடுப்பங்கரையில் எவர் பக்கம் இலாபம் என்ற விவாதம் எழுந்தது. பிளட்டோ வேறொன்றை எண்ணினார். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் திகதி ஆட்டத்தின் ஆணையாளர் போவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். 12 ஆண்டு ஆடிய பின்னர், தம் விருப்பத்தைக் கேளாமலே வாங்கவும் விற்கவும் தக்க உடைமையாகத் தம்மைக் கருத முடியவில்லை என்பது அதன் சாரம். இலக்கண ஆசிரியன் மொழியிற் கூறின், 'யான் உயர்திணை' என்பதே அவர் எழுதியது.

ஆணையாளர் இசையவில்லை. பிளட் வழக்குத் தொடுத்தார். அவருடைய ஆண்டுச் சம்பளம் 90,000 டொலர். இத்துணை பெறுபவர் தம்மை அடிமையென்று சொல்லலாமோ என்று இரசிகர் பலர் நகைத்தனர். நல்ல சம்பளம் பெறும் அடிமையும் அடிமையே என்பது பிளட்டின் விடை. வீரர் சங்கம் வழக்குச் செலவை ஏற்றது. முன்னாள் வீரர் ஜாக்கி ரொபின்சன் சாட்சி கூறினார். அன்று ஆடிக்கொண்டிருந்த வீரருள் ஒருவரேனும் சாட்சி கூற முன்வரவில்லை. சென்ற் லூயிஸ் கழகமோ, பிளட் போக மறுத்தமையால், அவருக்கு ஈடாக வேறு ஆட்டக்காரரைப் பிலடெல்பியாவுக்கு அனுப்பிக் கணக்கைச் சரிசெய்துகொண்டது.

1972 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் ஐவர்க்கு மூவர் என்ற கணக்கில் பிளட்டுக்கு எதிராகத் தீர்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹரி பிளக்மன். அவர் தீர்ப்பின் தொடக்கத்தில் ஆட்டத்தின் பழம்பெருமையை விரித்து, புகழ்பெற்ற வீரர் எண்பதின்மருக்கு மேற்பட்டோரின் பெயர்களை வரிசைப்படுத்தினார். நீதியாசனத்தில் இருந்தும் அவர் அடுப்பங்கரையை விட்டு அகன்றிலர் போலும்! ஆட்டத்தின் மீதுள்ள பேரன்பு ஆட்டக்காரன் மீதுள்ள நீதியை மறைத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பிளட் 1970ஆம் ஆண்டுப் பருவம் முழுதும் ஆடாது இழந்தார். 1971இல் வாஷிங்டன் கழகத்தில் 13 ஆட்டம் ஆடிவிட்டு நீங்கினார். ஆயினும் அவர் தட்டிய கதவு திறவாமற் போகவில்லை. பத்து ஆண்டு முதனிலையில் ஆடி, அவற்றுள் இறுதி ஐந்தாண்டும் ஒரே கழகத்தில் இருந்த வீரரை அவர் சம்மதமின்றிக் கைமாற்றலாகாது என்ற விதி 1973இல் வந்தது. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ், மெசர்சிமித், மக்னலி என்னும் இரு பந்துவீச்சாளர் வழக்கில், ஒப்பந்தம் முடிந்து மேலும் ஓராண்டு ஆடியவர் கட்டற்றவர் எனத் தீர்த்தார். அதனால் பிறந்ததே இன்றைய கையொப்பச் சந்தை. பிளட் 1997இல் மறைந்தார். அவர் பெயராலேயே ஒரு சட்டம் 1998இல் நிறைவேறிற்று.

எனினும் அடுப்பங்கரைப் பேச்சு முற்றும் மாறிற்றில்லை. ஹுவான் சோட்டோ என்னும் வீரரை 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் கழகம் சன் டியேகோவுக்குக் கொடுத்தது. 2023 டிசம்பரிற் சன் டியேகோ அவரை நியூயோர்க் யாங்கீஸ் கழகத்துக்குக் கொடுத்தது. 2024 டிசம்பரில் அவர் கட்டற்றவராகி, அந்நகரின் மற்றொரு கழகமாகிய மெட்சுடன் 15 ஆண்டுக்கு 76 கோடியே 50 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தஞ் செய்தார். 2025 மே மாதம் அவர் யாங்கீஸ் மைதானத்துக்கு ஆட வந்தபோது, கூட்டத்தார் கூச்சலிட்டு இகழ்ந்தனர். முதுகு காட்டி நின்றோரும் உளர். கழகங்கள் இருமுறை அவரைக் கொடுத்தபோது அது பேரம். அவர் ஒருமுறை தாமே தெரிந்துகொண்டபோது அது துரோகம்! ஒரே செயலுக்கு ஈரளவு கோல் கொள்வது நடுவுநிலையாகுமோ?

அப்பெருந்தொகையை ஒரு மனிதன் பெறுவது தகுமோ என்பாரும் உளர். தகுதியை நாம் அளக்கவியலாது. ஆயின் அப்பணம் வாயிற் சீட்டிலும் தொலைக்காட்சியிலும் இரசிகராலேயே வருவது. ஆடுபவர் கையிற் சேராவிடின் அதிபர் பெட்டியிற் சேரும். அவ்வளவே வேறுபாடு.

இரசிகரை இகழ்வது நம் நோக்கமன்று. கழகம் விற்கும், வீரர் போவர், அதிபர் மாறுவர். ஊதியமின்றி, ஊர் மாறாது, தந்தை இருந்த இருக்கையில் மகனும் இருந்து காப்பவர் இரசிகரே. தாம் நேசித்தவர் பிற அணியின் உடையில் வந்து நிற்கக் காணும் அவர் துயர் மெய்யான துயர். ஆற்றலை எடைபோட்டு, பேரத்தைப் பழித்து, விடியுமளவும் வழக்காட அவர்க்கு உரிமை உண்டு. ஆயினும் அடுத்த பனிக்காலத்தில், ஒருவர் கைமாறினார் என்ற செய்தி கேட்டதும், 'என்ன கிடைத்தது?' என்று கேட்குமுன், 'அவரைக் கேட்டார்களா?' என்று ஒருமுறை கேட்பாராயின், பிளட் எழுதிய கடிதத்துக்கு அதுவே ஏற்ற மறுமொழியாகும்.