கொடிக்கு ஏற்ற கொழுகொம்பு

நாற்றுப் பண்ணையில் கொடி வாங்குபவர்கள் பெரும்பாலும் பூவின் நிறத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். அது எதைக்கொண்டு பற்றி ஏறுகிறது என்று முதலில் பாருங்கள். பந்தலின் செலவும் உங்கள் வேலையும் அதில்தான் அடங்கியிருக்கின்றன.

பாகல், புடலை, பீர்க்கு மூன்றும் பற்றுக்கம்பியால் ஏறுபவை. அந்த மெல்லிய இழை காற்றில் வட்டமிட்டுத் துழாவும். ஏதாவது தட்டுப்பட்டால், தொட்ட பக்கத்தைவிட எதிர்ப்பக்கம் வேகமாக வளர, இழை வளைந்து சுற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. நுனி பிடித்ததும் நடுப்பகுதி சுருளத் தொடங்குகிறது. இரு முனையும் கட்டுண்டு கிடக்கும்போது முழுவதும் ஒரே திசையில் சுருண்டால் இழை முறுக்கேறிவிடும். ஆகவே பாதி வலமாகவும் மீதி இடமாகவும் சுருள்கிறது. திசை மாறும் இடத்தில் சின்னதாக ஒரு நேர்த்துண்டு இருக்கும். உங்கள் வீட்டுப் பந்தலிலேயே பார்க்கலாம். இந்தச் சுருள் கொடியைப் பந்தலை நோக்கி இழுக்கும், காற்றடித்தால் ஸ்பிரிங்போல் நீண்டு கொடுக்கும். இதைக் காண்பதற்கென்றே கடுங்காற்றில் வேலியோரம் போய் நின்றவர் சார்லஸ் டார்வின். பாகல் குடும்பத்துப் பிரயோனிக் கொடி அறுபடாமல் தாக்குப்பிடித்ததை எழுதியிருக்கிறார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேயின் சிறு கட்டுரையும் அவர் அனுப்பிய விதைகளும் கிளப்பிவிட்ட ஆர்வம் அது. அதன் விளைவு 1865இல் நீண்ட ஆய்வுக் கட்டுரையாகவும் 1875இல் புத்தகமாகவும் வந்தது.

பருத்த தூணை இந்த இழையால் வளைக்க முடியாது. சணல் கயிறு, கம்பிவலை, காய்ந்த சுள்ளி போதும்.

முல்லை, சங்குப்பூ, அவரைக்கு இழை இல்லை, தண்டே சுற்றும். நட்டுவைத்த கம்பு வேண்டும். அவரையை எதிர்த்திசையில் சுற்றிவிட்டுப் பாருங்கள், நுனி தன் திசைக்கே திரும்பிவிடும்.

காகிதப்பூவைக் கொடி என்பதே எனக்கு உடன்பாடில்லை. முள்ளை மாட்டிக்கொண்டு சாயும் புதர் அது. கட்டிவிட ஆளும் நல்ல வெயிலும் இருந்தால் வையுங்கள்.

வெற்றிலை, மிளகு, மணிபிளாண்ட் கணுவில் விடும் வேர்களால் ஒட்டி ஏறுகின்றன. கொடிக்காலில் அகத்தி நடுவது இதற்காகத்தான்: ஒட்டப் பட்டையும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும். வீட்டுச் சுவரில் ஏற்றினால், பிய்க்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வரும்.

செங்காந்தளுக்கு இலைநுனியே பற்றுக்கம்பி. தமிழ்நாட்டின் மாநில மலர், அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. சிறு குழந்தைகளோ ஆடுமாடோ நடமாடும் வீட்டில் அதை நட வேண்டாம்.