உங்களுக்குத் தெரியுமா? தனித்தனி அலமாரிகள், ஒரே பட்டியல்

இலங்கைத் தமிழ் நூல்களை ஒரே பட்டியலில் சேர்க்கும் வேலை அச்சிலேயே நடந்திருக்கிறது. நூலகவியலாளர் என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' முதல் தொகுதி 2002இல் வெளியானது. தொகுதிக்கு 1000 நூல்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் அடுத்த பெரிய படி. அதில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் என்று வரிசையாக விவரம் இருக்கும். பல இதழ்களுக்கு உள்ளடக்கமும் கிடைக்கும். இலங்கையின் மலையகத்துக்கு இப்படியொரு பொதுப் பட்டியல் மிக அவசியம். தேயிலை பற்றிய ஆய்வு நூல்கள் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கின்றன. தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களும் பாடசாலை ஆண்டு மலர்களும் வீட்டுப் பெட்டிகளில் சிதறிக் கிடக்கின்றன. பொல்பிட்டிய போன்ற ஓர் ஊரில் உயர்தரம் படிக்கும் ஒருவர் எதை எங்கே கேட்பது?

நூல் கொழும்பில் இருக்க, பெயர் மட்டும் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இடம் தெரிந்தால் ஒரு கடிதத்திலோ தொலைபேசியிலோ தேவையான பக்கங்களின் பிரதியைக் கேட்க முடியும். வீண் பஸ் பயணம் தவிரும், ஒரு நாள் சம்பளமும் மிஞ்சும். பட்டியலில் சேர்ந்தால் சேகரிப்பு கைவிட்டுப் போய்விடும் என்று சிறு நூலகங்கள் அஞ்சத் தேவையில்லை. விவரம்தான் இணையத்துக்குப் போகிறது, நூல் அதே அலமாரியில்தான் இருக்கும். முழு நூலையும் மின்வடிவாக்கப் பணமும் பதிப்புரிமை அனுமதியும் வேண்டும். விவரத்தைப் பதிய ஒரு கணினியும் பொறுமையுள்ள ஓர் ஆளும் போதும். ஆகவே மலையகச் சேகரிப்புகள் முதலில் பட்டியலில் ஏறட்டும். ஸ்கேன் செய்வது பின்னால் வரலாம்.