சேர்ந்து வாங்குற நிலம்... யார் பேர்ல இருக்கணும்?

"ரிட்டையர் ஆனதும் ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போடுவோம். கூட்டாளிங்க எல்லாம் சேர்ந்து வீடு கட்டிக்கிடலாம். நடுவுல ஒரு கிணறு, பொதுவா ஒரு தோட்டம், ஏசி தேவைப்படாத மண் வீடு..."

சென்னையிலோ மும்பையிலோ நாசரேத்காரங்க நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நல்ல ஆசைதான். ஆனால், பேச்சு முழுக்க வீட்டைப் பற்றியே ஓடும். நிலம் யார் பேரில் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

சேர்ந்து குடியேறுவது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. மஸ்கோத் அல்வாவுக்காக நாம் வண்டியை நிறுத்துகிற முதலூர் அப்படி உருவான ஊர்தான். மதம் மாறியதால் சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்டவர்களுக்காக 1799-ல் நிலம் வாங்கி, ஒரே இடத்தில் குடியேறினார்கள். அப்படி அமைந்த முதல் ஊர் என்பதால் முதலூர்!

அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்க அவகாசம் இருக்கிறது. 2023 டிசம்பர் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கிடந்தார்கள். அதனால் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்து, பக்கத்தில் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடற்கரைப் பக்கம் போகப் போக போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதைச் சித்திரை வெயிலில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து மண். சுடாத மண் கல்லில் வீடு கட்ட எல்லா மண்ணும் தோதுப்படாது. ஒரு கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் அப்படியே வையுங்கள். மணல் அடியிலும் களி மேலேயும் படியும். தேரி மணலில் களி ரொம்பக் குறைவு, அதை மட்டும் வைத்துக் கல் அறுத்தால் உதிர்ந்துவிடும். வேறு இடத்திலிருந்து களிமண் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த லாரி வாடகையையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தில் பனை நின்றால் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. மரத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு இடம் குறிப்பதே மேல்.

இனி தலைப்புக்கு வருவோம். ஆரோவில்லை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1968-ல் செம்மண் பொட்டலில் தொடங்கி, காடு வளர்த்து, மண் கல் வீடுகளுக்குப் பேர் வாங்கிய இடம். ஆனால், அங்கே வீட்டில் குடியிருப்பவருக்கு நிலம் சொந்தமில்லை. 1988-ம் வருடச் சட்டப்படி அது ஆரோவில் அறக்கட்டளையின் சொத்து. பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. நம்மில் எத்தனை பேர் அதற்குச் சம்மதிப்போம்? நான் சம்மதிக்க மாட்டேன்.

"அப்போ எல்லார் பேர்லயும் சேர்த்தே பத்திரம் போட்டுரலாமே?" போடலாம். ஆனால், பிரிக்கப்படாத பங்கில் யார் வேண்டுமானாலும் நாளைக்குப் பாகப்பிரிவினை கேட்டு கோர்ட்டுக்குப் போகலாம். நண்பர் கேட்க மாட்டார். அவர் காலத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் இருக்கிற அவர் மகன் கேட்பார். அவர் மேலும் தப்பில்லை, அது அவருடைய பங்கு.

தனித்தனி மனையாகப் பிரித்தால் டி.டி.சி.பி. அங்கீகாரம் வேண்டும். விவசாய நிலம் என்றால், நில உபயோக மாற்றத்தையும் கேட்க வேண்டியிருக்கும். 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில், சாலை போக 10 சதவீதம் திறந்தவெளி விட வேண்டும். அந்த இடமும் சாலையும் உள்ளாட்சிக்குத் தானமாகப் போய்விடும். அதாவது, வரைபடத்தில் பச்சையாகத் தெரிகிற 'நம்ம பார்க்' நம்முடையது இல்லை, ஊருடையது. பொதுக் கிணறும் தோட்டமும் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்றால் அதற்குத் தனி இடம் ஒதுக்கி, பதிவு செய்த சங்கத்தின் பேரில் வாங்குங்கள். 1975-ம் வருடச் சங்கப் பதிவுச் சட்டம் இதற்கு உதவும்.

வீட்டு மனை அவரவர் பேரில், பொது இடம் சங்கத்தின் பேரில். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. கூடவே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வக்கீலை வைத்து ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் விலகினால் மற்றவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும், விலையை எப்படி முடிவு செய்வது, மோட்டார் ரிப்பேருக்கு யார் எவ்வளவு, ஆறு மாதம் பூட்டிக்கிடக்கிற வீட்டுக்காரரும் பராமரிப்புப் பணம் தர வேண்டுமா... எல்லாவற்றையும்! நாலு பேரும் அவரவர் வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வாசியுங்கள்.