செயற்கூறிலிருந்து பல மதிப்புகளைத் திருப்பி அனுப்புதல்

நிரலாக்கத்தில் ஒரு செயற்கூறு தன் வேலையை முடித்தபின், தன்னை அழைத்த இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைக் கொடுப்பதே பல மதிப்புகளைத் திருப்பி அனுப்புதல் எனப்படுகிறது. பைத்தான், பெர்ல், பி.எச்.பி, ரூபி, ஜாவாஸ்கிரிப்ட், லுவா போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் இது அன்றாடம் பயன்படும் வசதி. எழுதிப் பார்க்கும்போது எல்லா மொழிகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் சில மொழிகள் விடைகளை ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகின்றன. சில உண்மையிலேயே தனித்தனியாக அனுப்புகின்றன. அனுப்பியதும் பெற்றுக்கொள்வதும் எண்ணிக்கையில் பொருந்தாதபோதுதான் இந்த வேறுபாடு தெரியவரும். பொருந்தாமையைச் சில மொழிகள் பிழையாக அறிவிக்கின்றன. வேறு சில, ஒன்றும் சொல்லாமல் தவறான விடையைத் தருகின்றன.

இக்கட்டுரையில் நிரல்வரிகள் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் இடும்போது மொழியின் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்துகளிலேயே தர வேண்டும். மாறிகளின் பெயர்களை மட்டும் பைத்தான் 3இல் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

தேவை எங்கிருந்து வருகிறது

தொடக்கப்பள்ளியில் கற்கும் வகுத்தலே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 100ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 2. ஒரே கணக்கில் இரண்டு விடைகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஈவுக்கு ஒரு செயற்கூறும் மீதிக்கு இன்னொன்றும் எழுதினால் ஒரே வேலையை இரு முறை செய்ததாகும். பைத்தானில் டிவ்மாட் என்னும் உள்ளமைந்த செயற்கூறு இரண்டையும் ஒருசேரத் தருகிறது:

ஈவு, மீதி = டிவ்மாட்(100, 7)

கணிதத்தில் ஒரு சார்பு ஓர் உள்ளீட்டுக்கு ஒரே வெளியீட்டைத்தான் தரும். சி மொழி இந்த வரையறையை ஒட்டியே செல்கிறது. அங்கே இரண்டாம் விடை வேண்டுமானால் ஒரு மாறியின் நினைவக முகவரியைக் கொடுத்து, அதில் எழுதிவிட்டு வரச் சொல்ல வேண்டும். அல்லது ஸ்ட்ரக்ட் ஒன்றில் இரண்டையும் வைத்து அனுப்ப வேண்டும். ஸ்கிரிப்ட் மொழிகள் இந்தச் சுமையைக் குறைத்தன.

பொட்டலமாகக் கட்டி அனுப்பும் மொழிகள்

தமிழ்நாட்டில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தான் படிக்கிறார்கள் என்பதால் அதிலிருந்து தொடங்கலாம். மதிப்பெண்களில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் தரும் செயற்கூறு இது:

டெஃப் எல்லைகள்(மதிப்பெண்கள்):
    ரிட்டர்ன் மின்(மதிப்பெண்கள்), மேக்ஸ்(மதிப்பெண்கள்)

சிறியது, பெரியது = எல்லைகள்([72, 45, 91])

சிறியது 45, பெரியது 91 ஆகிறது. பார்ப்பதற்கு இரண்டு மதிப்புகள் திரும்பி வந்ததாகத் தோன்றும். உண்மையில் வந்தது ஒன்றே. காற்புள்ளியைக் கண்டதும் பைத்தான் இரண்டையும் சேர்த்து டியூப்பிள் எனப்படும் ஒரே பொருளாக்குகிறது. சமக்குறியின் இடப்பக்கத்தில் இரண்டு மாறிகள் இருப்பதால் அது அங்கே பிரிக்கப்படுகிறது. இடப்பக்கத்தில் ஒரே மாறி இருந்தால் அதற்கு (45, 91) என்ற முழு டியூப்பிளும் போய்ச் சேரும். டியூப்பிளை உருவாக்குவது அடைப்புக்குறி என்று பலர் நினைக்கிறார்கள், உருவாக்குவது காற்புள்ளிதான். அதனால்தான் திருப்பி அனுப்பும் வரியின் முடிவில் கைதவறி ஒரு காற்புள்ளி விழுந்துவிட்டால், எண்ணுக்குப் பதில் ஒற்றை உறுப்புள்ள டியூப்பிள் வந்து நிற்கும்.

இரண்டு மதிப்புகளை மூன்று மாறிகளில் வாங்க முயன்றால், அந்த வரியிலேயே பைத்தான் வேல்யூ எரர் என்ற பிழையைக் காட்டி நிற்கிறது. கற்பவருக்கு இது எரிச்சலாக இருக்கலாம், ஆனால் நல்ல கண்டிப்பு. மிகுதி எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டுமானால், பைத்தான் 3 முதல் ஒரு மாறியின் முன் நட்சத்திரக் குறி இடலாம். மீந்தவை எல்லாம் பட்டியலாக அதில் சேரும். சில செயற்கூறுகள் வெற்றியில் இரண்டு மதிப்புகளையும் தோல்வியில் நன் என்ற வெறுமையையும் திருப்புவதுண்டு. அந்த வெறுமையைப் பிரிக்க முயலும்போது டைப் எரர் வரும்.

ரூபியும் இதே போலக் காற்புள்ளியிட்டு எழுத விடுகிறது. அங்கே உருவாவது அணி. ஆனால் மாறிகள் கூடுதலாக இருந்தால் ரூபி பிழை காட்டுவதில்லை, மிஞ்சிய மாறிகளில் நில் என்ற வெறுமையை வைத்துவிடும். மதிப்புகள் கூடுதலாக இருந்தால் மிஞ்சியவை அமைதியாகக் கைவிடப்படும்.

பி.எச்.பியில் திருப்பும் வரியில் காற்புள்ளியிட்டு இரண்டு மதிப்புகள் எழுதினால் நிரல் ஓடவே ஓடாது. அணியாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். பெறும் இடத்தில் லிஸ்ட் என்ற அமைப்பு அதைப் பிரிக்கும். 2016இல் வந்த 7.1 பதிப்பிலிருந்து சதுர அடைப்புக்குறியே போதும்.

ஜாவாஸ்கிரிப்டில்தான் பைத்தானிலிருந்து வருபவர்கள் வழுக்கி விழுகிறார்கள். "ரிட்டர்ன் சிறியது, பெரியது" என்று எழுதினால் அது பிழையில்லாமல் ஓடும். ஆனால் அம்மொழியில் காற்புள்ளி ஒரு செயற்குறி: இடப்பக்கத்தைக் கணித்துவிட்டுத் தூக்கிப் போட்டு, வலப்பக்கத்தை மட்டுமே விடையாக வைத்துக்கொள்ளும். ஆகவே பெரியது மட்டுமே திரும்பும். இரண்டும் வேண்டுமானால் சதுர அடைப்புக்குறியில் அணியாகவோ, நெளிவு அடைப்புக்குறியில் பெயரிட்ட பொருளாகவோ அனுப்ப வேண்டும். 2015ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் தரம் இவற்றைப் பெறும் இடத்திலேயே பிரிக்கும் வசதியைத் தந்தது. பிரிக்கும்போது கிடைக்காத மதிப்புக்கு அன்டிஃபைன்டு என்பது வந்து அமரும். அதனுடன் எண்ணைக் கூட்டினால் 'எண் அல்ல' என்னும் விடை கிடைக்கும். அதன்பின் நடக்கும் கணக்குகளிலும் அதுவே தொடரும்; தவறு எங்கே தொடங்கியது என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும்.

உண்மையிலேயே பலவற்றை அனுப்பும் லுவா

லுவா 1993இல் பிரேசில் நாட்டில், ரியோ டி ஜெனீரோவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவான மொழி. இதில் பொட்டலம் கிடையாது. செயற்கூறு இரண்டு மதிப்புகளை அனுப்பினால் இரண்டும் தனித்தனியாகவே வருகின்றன. எத்தனை எடுத்துக்கொள்ளப்படும் என்பதை அழைக்கும் இடம் தீர்மானிக்கிறது. மாறி ஒன்றானால் முதல் மதிப்பு மட்டும் தங்கும். மாறிகள் கூடுதலானால் மிஞ்சியவை வெறுமையாகும். ஒரு பட்டியலின் கடைசி இடத்தில் செயற்கூறு அழைக்கப்பட்டால் அதன் எல்லா மதிப்புகளும் அங்கே விரியும். நடுவில் அழைக்கப்பட்டால் முதல் மதிப்பு மட்டுமே எடுக்கப்படும்.

இந்தக் கடைசி விதி பயனுள்ளது. கோப்பைத் திறக்கும் செயற்கூறு தோல்வியுற்றால் முதலில் வெறுமையையும், இரண்டாவதாகக் காரணத்தைச் சொல்லும் செய்தியையும் அனுப்பும். அஸர்ட் என்ற செயற்கூறுக்குள் அந்த அழைப்பை அப்படியே வைத்தால், இரண்டும் விரிந்து உள்ளே போய், காரணத்தோடு பிழை வெளிவரும். அழகான ஏற்பாடு.

அதே விதி ஏமாற்றவும் செய்யும். பணத்தொகையில் உள்ள காற்புள்ளிகளை நீக்கி எண்ணாக மாற்றுவதாகக் கொள்வோம்:

தொகை = "1,00,000"
எண் = டுநம்பர்(தொகை:ஜிசப்(",", ""))

ஒரு லட்சம் வர வேண்டிய இடத்தில் வரும் விடை 32. ஜிசப் என்னும் மாற்றீட்டுச் செயற்கூறு இரண்டு மதிப்புகளை அனுப்புகிறது: மாற்றப்பட்ட சரம், எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற எண்ணிக்கை. இங்கே "100000", 2 ஆகிய இரண்டும் டுநம்பருக்குள் விரிகின்றன. டுநம்பரின் இரண்டாம் உள்ளீடு எண்ணின் அடிமானம். ஆகவே அது 100000 என்பதை இரும எண்ணாகப் படித்து 32 என்கிறது. மூன்று காற்புள்ளிகள் உள்ள 1,00,00,000 கொடுத்தால் அடிமானம் 3 ஆகி, ஒரு கோடி 2187 ஆகச் சுருங்கும். 12,34,567 கொடுத்தால் இருமத்தில் இல்லாத இலக்கங்கள் இருப்பதால் வெறுமை வரும். ஒரே காற்புள்ளியுள்ள 1,234 கொடுத்தால் அடிமானம் 1 செல்லாது என்று நிரல் பிழை காட்டி நிற்கும். சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தக் கடைசித் தொகை முதலில் வாய்த்தால் நல்லூழ்.

தீர்வு எளிது. ஜிசப் அழைப்பைச் சுற்றி இன்னொரு சோடி அடைப்புக்குறி இட்டால் முதல் மதிப்பு மட்டும் நிற்கும். லுவாவில் இப்படிக் கூடுதலாக இடும் அடைப்புக்குறி வெறும் அலங்காரம் அன்று.

பெர்ல்: கேட்பவரைப் பொறுத்த விடை

பெர்ல் மொழியில் செயற்கூறு திருப்புவது ஒரு பட்டியல். பெறும் இடம் பட்டியலை எதிர்பார்க்கிறதா, ஒற்றை மதிப்பையா என்ற சூழலைப் பொறுத்து விடை மாறும். (45, 91) என்று திருப்பும் செயற்கூறை ஒற்றை மாறியில் வாங்கினால் கடைசி மதிப்பான 91 கிடைக்கும். அதே மாறியை அடைப்புக்குறிக்குள் எழுதி வாங்கினால் முதல் மதிப்பான 45 கிடைக்கும். அவ்விரண்டு மதிப்புகளையும் ஓர் அணியில் வைத்து, அந்த அணியைத் திருப்பினால், ஒற்றை மாறிக்குக் கிடைப்பது உறுப்புகளின் எண்ணிக்கையான 2. மூன்றும் செல்லுபடியாகும் நிரல்களே. லோக்கல்டைம் என்ற உள்ளமைந்த செயற்கூறு பட்டியல் சூழலில் ஒன்பது எண்களையும் ஒற்றைச் சூழலில் படிக்கத்தக்க ஒரு தேதிச் சரத்தையும் தருவது இந்தக் கொள்கையால்தான்.

பாஷ்

பாஷ் உறையில் ரிட்டர்ன் என்ற சொல் இருந்தாலும் அது விடையைத் திருப்புவதற்கானது அன்று. 0 முதல் 255 வரையான நிலைக்குறியீட்டை மட்டுமே அது தரும். 300 என்று எழுதினால் 44 வரும், 256 என்று எழுதினால் 0 வரும். பாஷில் 0 என்றால் வெற்றி என்பதால் இரண்டாவது கூடுதல் ஆபத்தானது. விடைகளை அச்சிட்டு, அழைத்தவர் ரீட் கட்டளையால் சொல்சொல்லாகப் பிரித்து வாங்குவதே வழக்கம். மதிப்புக்குள் இடைவெளி இருந்தால் இது குலையும்: "அண்ணா நகர் 42" என்பதை ஊர், எண் என்று இரண்டு மாறிகளில் வாங்கினால் ஊர் "அண்ணா" ஆகவும் எண் "நகர் 42" ஆகவும் போகும். குழாய்க்குறியிட்டு ரீடுக்கு அனுப்பினால் இயல்பாக அது ஒரு துணை உறையில் இயங்குவதால், வாங்கிய மாறிகள் அந்த வரியோடு மறைந்துவிடும். 4.3 பதிப்பு முதல், விடை வைக்க வேண்டிய மாறியின் பெயரையே செயற்கூறுக்குத் தரும் வசதி உள்ளது.

வரிசை மாறினால்

எண்ணிக்கை சரியாக இருந்து வரிசை மட்டும் மாறினால் எந்த மொழியும் காப்பாற்றாது. சென்னையின் அமைவிடம் வட அட்சம் 13.08, கிழக்குத் தீர்க்கம் 80.27. பேச்சில் அட்சம் முதலில் வரும். ஜியோஜேசன் தரத்திலோ தீர்க்கம் முதலில். இரண்டு எண்களை இடம் மாற்றி வாங்கிய நிரல், சென்னையை ஆர்க்டிக் பகுதியில் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டி வைத்துவிடும். இரண்டும் செல்லத்தக்க எண்களே என்பதால் பிழைச்செய்தி வராது.

இதனால் இரண்டு மதிப்புகளுக்கு மேல் போனால் பெயரிட்டு அனுப்புவதே பாதுகாப்பு. ஜாவாஸ்கிரிப்டில் பெயரிட்ட பொருளும், பி.எச்.பியில் திறவுச்சொல் உள்ள அணியும், லுவாவில் டேபிளும் இதற்குப் பயன்படுகின்றன. பைத்தானில் இரண்டு வழிகள் உண்டு. நேம்டு டியூப்பிள் பெயர்களைத் தந்தாலும் இன்னும் டியூப்பிளே; பிற்பாடு ஒரு மதிப்பைக் கூடுதலாகச் சேர்த்தால், அதைப் பிரித்து வாங்கிய பழைய வரிகள் எல்லாம் உடையும். 2018இல் பைத்தான் 3.7உடன் வந்த டேட்டாகிளாஸை இயல்பாக அப்படிப் பிரிக்க முடியாது, பெயர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்; எனவே புதிய புலம் சேர்ந்தாலும் பழைய வரிகள் அப்படியே ஓடும்.