கிடேரி என்னும் சொல்லும் கணக்கெடுப்புப் படிவமும்

கால்நடைக் கணக்கெடுப்பில் மாடுகள் வயதைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. குடியானவரோ மாட்டின் நிலையைக் கொண்டே அதற்குப் பெயரிடுகின்றார். இவ்விரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை அறியாமல் புள்ளிவிவரங்களைப் படிப்பதில் பயன் குறைவு.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையிலிருந்து பொன்முடி செல்லும் சாலையில் உள்ள கல்லாறு போன்ற மலையடிவார ஊர்களை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் கன்று ஈனாத இளம்பசு 'கிடாரி'. தமிழில் அதுவே கிடேரி. நமது 'சினை' அங்கே 'செனை' ஆகிறது. முதற்பேற்றைக் குறிக்கும் 'கடிஞ்சூல்' தமிழில் ஏட்டுச் சொல்லாகிவிட, மலையாளத்தில் இன்றும் பேச்சுவழக்கில் உள்ளது. மலட்டுப் பசு அங்கே 'மச்சி'. ஆண் கன்று வளர்ந்தால் காளை. காயடித்து ஏரில் பூட்டினால் எருது. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களுக்கும் ஆண்பாற், பெண்பாற் பெயர்களுக்கும் தனித்தனியே இலக்கணம் கூறுவதை நோக்கினால், இந்தப் பாகுபாடு எவ்வளவு தொன்மையானது என்பது விளங்கும்.

வயதைக் குடியானவர் அறியாதவர் அல்லர். பல்லைப் பார்த்து அறிகிறார். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டுமே எட்டு முன்பற்கள் உண்டு. பாற்பல் விழுந்து நிலைப்பல் இணை இணையாக முளைக்கும். 'பல் போடாதது' என்றால் ஏறத்தாழ இரண்டு வயதுக்கு உட்பட்டது. பின்னர் இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என ஏறி, நான்கு அல்லது ஐந்து வயதளவில் எட்டும் நிறைகின்றன. அதன்பின் பல்லைவிட ஈற்றுக் கணக்கே பேசப்படும். சந்தையில் 'இரண்டாம் ஈற்றுக் கறவை' என்ற ஒரு சொற்றொடர் விலையில் பாதியைத் தீர்மானித்துவிடும்.

இனிப் படிவத்துக்கு வருவோம். கலப்பினப் பசுக்களை அது ஒரு வயதுக்குட்பட்டவை, ஒன்று முதல் இரண்டரை வயது வரை, அதற்கு மேற்பட்டவை என மூன்றாகப் பிரிக்கிறது. நாட்டுப் பசுவுக்கு இரண்டாம் வரம்பு மூன்று வயது. கடைசிப் பிரிவில் பால் தருபவை, வற்றியவை, ஒருமுறையும் ஈனாதவை என உட்பிரிவுகள் உள்ளன. ஆகவே குடியானவரின் 'கிடேரி' ஒரே சொல்லாயினும், படிவத்தில் இரண்டு கட்டங்களில் சிதறிவிடுகிறது.

இங்கேதான் பொருளாதாரம் நுழைகிறது. கலப்பினக் கிடேரி முப்பது மாதத்தில் ஈன வேண்டுமாயின், சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் என்பதால், இருபதாம் மாதத்தையொட்டியே சினை பிடித்திருக்க வேண்டும். பருவம் 21 நாட்களுக்கு ஒருமுறை வரும். ஒன்று தவறினால் மூன்று வாரத் தீவனம் வீண். 42 மாதத்தில் ஈனும் பசுவுக்கு ஓராண்டுத் தீவனம் பாலின்றிச் செலவாகிறது. அந்தப் பன்னிரண்டு மாதமும் அது வீட்டாருக்குக் 'கிடேரி'தான். அச்சொல்லில் தாமதம் தெரிவதில்லை. படிவத்திலும் இரண்டரை வயது வரை, சினைப்பட்டதும் படாததும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடுகின்றன. மாட்டினத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கலப்பினமாகிவிட்ட கேரளத்தில் இது சிறு விஷயமன்று. மாட்டுப்பட்டியில் 1963 இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் வழியே உருவான சுனந்தினி இனத்தின் நோக்கமே விரைவில் ஈன்று மிகுந்த பால் தருவதல்லவா?

வேறொரு குழப்பமும் உண்டு. 'வற்றிய மாடு' வேறு, 'மலட்டு மாடு' வேறு. ஈனுமுன் ஏறத்தாழ அறுபது நாள் கறவையை நிறுத்துவது மடிக்கு ஓய்வு தருவதாகும். அப்பொழுதுதான் அப்பசு அடுத்த கறவைக்கு ஆயத்தமாகிறது. கடன் மனுவையோ காப்பீட்டு மனுவையோ பரிசீலிக்கும் அலுவலர் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால், நல்ல பசு ஒன்று காகிதத்தில் பயனற்றதாகிவிடும்.

2019 கணக்கெடுப்பின்படி நாட்டின் மாடுகள் 19.25 கோடி, அவற்றுள் பசுவினம் 14.51 கோடி. அடுத்த கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. பன்னிரண்டு இலக்கக் காதணி பெற்ற மாடுகளுக்குச் சினையூட்டிய நாளும் ஈன்ற நாளும் இன்று பதிவு செய்யப்படுகின்றன. களத்துக்குச் செல்வோர் 'வயது என்ன?' என்று மட்டும் கேட்காமல், 'எத்தனை பல்? எத்தனையாவது ஈற்று? சினை எப்பொழுது பிடித்தது?' என்றும் கேட்பாராயின், அதே மாட்டைப் பற்றி இன்னும் நம்பத்தக்க விடை கிடைக்கும்.