தென்னையைக் கொன்றது மரங்கொத்தியா?

சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு தோப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். தோப்புக்காரர் ஒரு மொட்டைத் தென்னையைக் காட்டி, "இதக் கொன்னதே மரங்கொத்திதான் தம்பி, எப்படி ஓட்ட போட்டிருக்கு பாரு" என்றார். கிட்டே போய்ப் பார்த்தோம். மேலே கை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு பொந்து. அது மரங்கொத்தி போட்டதுதான். ஆனால் கீழே சின்னச் சின்னத் துளைகள், பழுப்புச் சாறு வடிந்து காய்ந்த தடம், மென்று துப்பின மாதிரி நார்ச்சக்கை. இது சிவப்புக் கூன்வண்டுப் புழுவின் வேலை. மரத்தைக் கொன்றது புழு, பழி விழுந்தது பறவைமேல்.

அதனால் முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம்.

பழவேற்காடு ஏரிக்கரைத் தோப்புகளில் சிரிப்பது போலக் கத்திக்கொண்டு ஏறி இறங்கிப் பறப்பது பொன்முதுகு மரங்கொத்தி. மைனாவைவிடப் பெரிசு. முதுகு தங்க மஞ்சள், முதுகின் கீழ்ப்பகுதியும் வாலும் கறுப்பு, கறுத்த தொண்டையில் வெள்ளைப் புள்ளி. ஆணுக்கு நெற்றி முதல் கொண்டை வரை சிவப்பு. பெண்ணுக்கு முன்னந்தலை கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின்கொண்டை மட்டும் சிவப்பு.

வறண்ட பகுதித் தோட்டங்களில் இன்னொன்றையும் பார்க்கலாம். இதைவிட ரொம்பச் சின்னது, உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி, நெற்றி மஞ்சள், வயிற்றில் ஒரு சிவப்புத் திட்டு. அது மஞ்சள்நெற்றி மரங்கொத்தி.

கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் கதை இன்னும் சுவையானது. யாழ்ப்பாணத்துப் பனங்காட்டில் இருப்பதும் நம்ம ஊர்ப் பொன்முதுகுதான், அதன் ஒரு கிளையினம். தெற்கே இறங்கினால் அதே உருவம், அதே கறுத்த தொண்டை, முதுகு மட்டும் ரத்தச் சிவப்பு. இரண்டும் சந்திக்கிற இடைப்பட்ட பகுதியில் கலந்து இனம் பெருக்குவதால், ஆரஞ்சு நிற முதுகோடும் பறவைகள் உண்டு. முன்பு இரண்டையும் ஒரே இனமாகவே எண்ணினார்கள். செம்முதுகைத் தனி இனமாகக் கொள்ளலாம் என்று 2016-இல் வெளியான ஆய்வு சொன்னது. இலங்கைக் காடுகளில் இன்னொரு பெரிய செம்முதுகும் இருக்கிறது. முதுகைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், அலகைப் பார்க்கணும். பெரியதுக்கு வெளிர் மஞ்சள் அலகு, சின்னதுக்குக் கருத்த அலகு.

சரி, இதனால் உழவருக்கு என்ன? பொன்முதுகு மரங்கொத்தியின் தீனி பெரும்பாலும் எறும்பும், பட்டைக்குள் இருக்கும் வண்டுப் புழுவும்தான். அதற்காகக் கூன்வண்டை அது ஒழித்துவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது. இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும், மரத்தில் காயம்படாமல் காப்பதும் நம் வேலை. உயிருள்ள தென்னையில் அது பொந்து குடைந்தால் அந்த இடம் கொஞ்சம் பலம் குறையும், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெரிய லாபம் பொந்தில்தான். மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனா, கிளி, புள்ளி ஆந்தை எல்லாம் குடியேறும். ஆந்தை பூச்சியையும் சுண்டெலியையும் பிடிக்கும். அலகால் பொந்து குடையத் தெரியாத பறவைகளுக்கெல்லாம் வீடு கட்டித் தருகிற கொத்தனார் மரங்கொத்தி.

கூன்வண்டு தாக்கிச் செத்த தென்னையை விட்டுவைக்காதீங்க, வெட்டி அழிச்சிடுங்க. மக்கிய தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டும் பெருகும். வெட்டுவதற்கு முன் பொந்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்க. குஞ்சு பொரித்து மூன்று வாரத்தில் பறந்துவிடும். அதற்குப் பதிலாக, வேலியோரத்து வேம்பிலும் பூவரசிலும் பட்டுப்போன ஒன்றிரண்டு கிளைகளை, ஆள்மேல் விழாத இடமாகப் பார்த்து, விறகுக்கு வெட்டாமல் விட்டுவையுங்க.

அடுத்த தடவை தோப்பில் 'டொக் டொக்' சத்தம் கேட்டால், கல்லைத் தேடாம கண்ணத் தூக்கிப் பாருங்க. முதுகு என்ன நிறம், தொண்டை என்ன நிறம், கொண்டை முழுக்கச் சிவப்பா பாதியா என்று பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டுங்க.